முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு சாக்ஸ்

பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருள் அறைக்கு ஒரே ஒரு சாவிதான். அது அவள் கழுத்தில் தொங்கும். ஓடும்போது மட்டும் ஷூ நாடாவில் கோத்துக்கொள்வாள். அதனால் டிரைவர், கண்டக்டரில் தொடங்கி டயருக்குக் காற்றடிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் சாவி. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பேருந்தில் மக்கள் எதைத்தான் விட்டுவிட்டு இறங்குவார்கள் என்று ஒரு கணக்கு வழக்கே கிடையாது. ஒரு சுவர் முழுக்கக் குடைகள். சாப்பாட்டு டப்பாக்கள், அவளே கழுவி வைத்தவை. ஒற்றைச் செருப்புகள். ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று வேலைக்கு வந்த புதிதில் யோசித்திருக்கிறாள். பிறகு விட்டுவிட்டாள். ஜன்னலோர அலமாரியில் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. அதற்குள் தண்ணீரில் ஒரு பல் செட் கிடந்தது. யாரோ அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். நாலு மாதமாக அது அறைக்குள் வருகிறவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினாள்.

பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்டு வருகிறவர் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். முதல் இரண்டை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மூன்றாவது, சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். கறுப்புக் குடை, வளைந்த பிடி என்றால் வேலைக்கு ஆகாது. ஒரு கம்பி கோணியிருக்கும், என் மச்சான் தலையில் அடித்தபோது கோணியது என்றால் குடை உடனே கைக்கு வந்துவிடும். ஒரு தடவை மேனேஜரே தன் கண்ணாடிக் கூட்டைக் கேட்டு வந்து, மூன்றாவது அடையாளம் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார். அதை அவர் மறக்கவில்லை. புதுக் கூடு வாங்கிய பிறகும் மறக்கவில்லை.

ஆறு மாதத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம். உருப்படியானது ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போகும். உருப்படாதது குப்பைச் சாக்குக்குப் போகும்.

இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே காலால்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். காலையில் வீட்டில் எழுந்ததிலிருந்து யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அலுவலகத்தில் கேட்பதுதான் வேலையே. சாயங்காலம் மறுபடி வீடு. ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், ஆற்றங்கரைச் சாலையில், அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. கேட்டாலும் அதற்குள் தாண்டிப் போயிருப்பாள். அவளுக்கென்று இருந்த சொத்து அந்த மத்தியானம் ஒன்றுதான்.

பெரிய மாரத்தானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா. எத்தன வருஷமா ஓடற?"

"இங்க வந்து பன்னெண்டு வருஷம் சார்."

"எங்கயாவது போய்ச் சேந்தியா?"

முந்தின நாளே தயார் பண்ணி வைத்த பேச்சு போலிருந்தது. சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் ரசித்தார்.

"போன வருஷம் நாலாவது. அதுக்கு முந்தின வருஷமும் நாலாவது. நாலாவது வர்றவங்களுக்கு என்ன தர்றாங்க தெரியுமா? வாழப்பழம்."

"எல்லாருக்கும்தான் சார் தர்றாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். மத்தியானம் வர்றவங்க பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்கன்னு மேல புகார் போயிருக்கு. இந்தத் தடவ முதல் மூணுல வந்தா அனுமதி இருக்கும். இல்லன்னா திங்கக்கிழமைலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து குடையப் பாத்துக்க."

"சரி சார்."

"கண்ணாடிக் கூடு என்னோடதுதான். இப்பவும் சொல்றேன்."

"அது இல்லத்துக்குப் போயிடுச்சு சார்."

முதல் மூன்று என்று மேனேஜர் சொன்னாலும் அதில் முதல் இரண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த இரண்டு பெண்களும் பயிற்சியாளர், உடம்பு பிடித்துவிடுகிறவர், தனி வண்டி என்று ஒரு கல்யாணக் கோஷ்டி போல வந்து இறங்குவார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். அவர்கள் ஓடுவது வேறு போட்டி. மற்றவர்களுக்கு மூன்றாவது இடம்தான் முதல் இடம். அதை இரண்டு வருடமாகத் தபால்காரி வைத்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரி காலையில் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். தபால் துறைக்காக ஓடுபவள். அவளுக்கும் மத்தியானம் அனுமதி உண்டு என்று கேள்வி. வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓடத் தொடங்கியும் இருவரும் பேசியது மொத்தமே ஒரே ஒரு பேச்சு. தபால்காரி, "காத்து அடிக்குது" என்றாள். சாவி, "ஆமா" என்றாள்.

இந்த மாரத்தானை நடத்துகிறவர்கள் கை இறுகியவர்கள். மற்ற ஊர்களில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மேஜை போட்டு, ஓடுகிறவர்களின் சொந்த பாட்டிலை வைப்பார்கள். இங்கே வழியெல்லாம் வெறும் தண்ணீர்தான். சொந்த பாட்டிலுக்கு ஒரே ஒரு மேஜை, முப்பதாவது கிலோமீட்டரில், பாலத்துக்கு முன்னால். முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும். போன வருடம் சாவியின் கணவன், "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, மை பேனாவால் அவள் எண்ணை பாட்டிலில் எழுதிக் கொடுத்தான். அவன் எலக்ட்ரீசியன். அவன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அன்றைக்கு எங்காவது புகை வரும். பாட்டில் வியர்த்து மை அழிந்துபோனது. ஒன்று போலிருந்த பாட்டில்களுக்கு முன்னால் திருதிருவென்று விழித்துவிட்டு, வெறும் வாயோடு பாலம் ஏறினாள். அப்படித்தான் நாலாவது ஆனாள்.

இந்த வருடம் அடையாளத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். குப்பைச் சாக்கில் ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸ் இருந்தது. மஞ்சள் நிறம், சுற்றிலும் வாத்துப் படம். தன் தொழில் அறிவையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஜோடி இல்லாததால்தானே இது குப்பைக்கு வந்தது? அப்படியானால் உலகத்தில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. ஆகவே மேஜையிலும் இருக்காது. இதில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயப்போட்டாள்.

சாக்ஸ் பாட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. கணவன் அதன் விளிம்பைக் கறுப்பு டேப்பால் சுற்ற ஆரம்பித்தான். கம்பிகளுக்குச் சுற்றுவானே, அந்த டேப்.

"எத்தன சுத்து சுத்துவீங்க?"

"கழண்டு விழக் கூடாதுல்ல."

"அது சாக்ஸுங்க. கரன்ட் கம்பி இல்ல."

"போன வருஷம் என்னைய என்ன பேச்சு பேசின? இந்த வருஷம் பேசறதுக்கு வழியே இருக்கக் கூடாது."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல மாட்டறதக் கொண்டுபோய் வாயில வெக்கிற பாட்டிலுக்கா மாட்டுவாங்க?"

"தொவச்சாச்சு அத்தை."

"தொவச்சா கால் இல்லன்னு ஆயிடுமா?"

கணவன் இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.

போட்டியன்று விடியும்போதே வெயில் வந்துவிட்டது. காற்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து வருவது வழக்கமில்லை, ஆனால் வந்தன. தொடக்கக் கோட்டில் தபால்காரி பக்கத்தில் நின்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். காற்று அடிக்கிறது என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அது எல்லோருக்குமே தெரிந்தது.

முதல் பத்து கிலோமீட்டர் காற்று முகத்தில் அறைந்தது. சாவி ஓர் உயரமான ஆணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முதுகு அகலமாக, நல்ல சுவர் மாதிரி இருந்தது. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "முன்னாடி வாங்களேன்" என்றார். "இல்ல, நீங்க போங்க" என்றாள் மரியாதையாக. அவரும் வேறு வழியில்லாமல் போனார். பதினைந்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். சுவர் போனதும் காற்று மொத்தமும் அவள் மேல் விழுந்தது.

இருபதில் இடது கால் கட்டைவிரல் நகம் தன் வேலையை விட்டுவிட்டதாகத் தெரிவித்தது. இருபத்துமூன்றில் தொடை, தான் இருப்பதை ஞாபகப்படுத்தியது. அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. அலுவலகத்தில் கோபமாக வருகிறவர்களிடமும் அவள் இப்படித்தான். கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிப் பேர் தாமாகவே தணிந்துவிடுவார்கள். தொடை தணியவில்லை, ஆனால் கத்துவதை நிறுத்திக்கொண்டது.

இருபத்தாறில் தண்ணீர் வாங்கக் கை நீட்டிய தபால்காரி டம்ளரைக் கீழே போட்டாள். இன்னொன்று எடுக்க ஒரு அடி பின்னால் போனாள். அந்த இடைவெளியில் சாவி அவளைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் மூன்றாவது இடம் தன்னுடையது என்பது உறைத்தது. மத்தியானம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைப்பதற்கும் மூச்சு வேண்டும்.

முப்பதாவது கிலோமீட்டர் மேஜையில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காற்று அடித்து எல்லா பாட்டிலையும் உருட்டிவிட்டிருந்தது. உதவிக்கு நின்ற இரண்டு பெண்கள் அவற்றைப் பொறுக்கி, எண் வரிசையை விட்டுவிட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உயர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். சாவிக்குத் தூரத்திலிருந்தே மஞ்சள் தெரிந்தது. வாத்து தெரிந்தது. ஓடிக்கொண்டே பிடுங்கி வாயில் வைத்து ஒரு மடக்கு விழுங்கினாள்.

காப்பி.

பால் இல்லாத, சர்க்கரை போட்ட, ஆறிப்போன காப்பி. கணவன் கலந்து கொடுத்தது எலுமிச்சம்பழமும் உப்பும். எப்படி மாறும் என்று பார்க்க இன்னொரு வாய் குடித்தாள். காப்பியேதான். பாட்டிலைப் பார்த்தாள். மஞ்சள் சாக்ஸ், வாத்து. ஆனால் விளிம்பில் டேப் இல்லை. ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

"பஸ்காரம்மா."

ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பவில்லை.

"பஸ்காரம்மா. அது என் காப்பி."

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடிக்கிறீங்க?"

"குடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

தபால்காரி பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் கையிலும் ஒரு மஞ்சள் சாக்ஸ். கறுப்பு டேப்.

"இது உங்களோடதா? என்ன இது, பல்லெல்லாம் கூசுது."

"வீட்டுக்காரர் கலந்தது."

"நல்ல மனுஷன். சர்க்கரைய மறந்துட்டாரு."

ஓடிக்கொண்டே பாட்டிலை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பேரும் அவரவருடையதைக் குடித்தார்கள். முன்னால் பாலம் எழும்பி நின்றது. வரைபடத்தில் அது ஒரு கோடு. இந்த இடத்தில், இந்த வெயிலில், அது ஒரு சுவர்.

"அந்த சாக்ஸ் எங்க வாங்கினீங்க?" என்றாள் தபால்காரி.

"வாங்கல. பஸ்ல கெடந்துது."

தபால்காரி அவள் கையிலிருந்த பாட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"அது என் பொண்ணோடது. பஸ்ல ஒண்ணு விழுந்துடுச்சு. மிச்சம் ஒண்ணுதான் இது."

பன்னிரண்டு வருடப் பழக்கம். சாவியின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்தது.

"மூணு அடையாளம் சொல்லுங்க."

"இப்பவா?"

"நீங்க இப்பதானே கேக்கறீங்க."

"மஞ்ச கலர். வாத்து."

"உங்க கையிலயே ஒண்ணு இருக்கு. பாத்து யாரும் சொல்லலாம்."

தபால்காரி ஏற்றத்தில் முக்கினாள். "குதிகால்ல கிழிஞ்சிருக்கும். நீல நூல்ல தெச்சிருப்பேன். மஞ்ச நூல் தீந்துபோச்சு."

சாவி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் பக்கம் நீல நூல் இருந்தது. அவசரமாகப் போட்ட தையல், ஆனால் கெட்டியான தையல். துவைக்கும்போது அவளே அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஆறு மாசத்துக்குள்ள வந்து கேட்டிருக்கணும்."

"வந்தேன். மூணு தடவ."

"நான் பாக்கலயே."

"மத்தியானம் வந்தேன். பூட்டிக் கெடந்துச்சு."

"காலைல வந்திருக்கலாம்ல."

"காலைல யாரு தபால் குடுப்பா? பயிற்சிக்குப் போற வழியில வந்தேன்." மூச்சு வாங்கினாள். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

"பயிற்சிக்கு."

பாலத்தில் பாதி வரை இருவரும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள்.

தன் அறையின் கதவில் தொங்கும் பூட்டை சாவி நேராகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. சாயங்காலம் அவள் வருவதில்லை. காலையில் திறப்பதற்காகப் பார்ப்பாள், மத்தியானம் பூட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருவர் நின்று, இழுத்துப் பார்த்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, போய், மறுபடி வந்து... மேனேஜர் புகார் என்று சொன்னபோது, அவர் கண்ணாடிக் கூட்டுக்காகப் பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் பழி வாங்கத்தான் செய்தார். ஆனால் புகாரும் இருந்திருக்கிறது.

பாலத்தின் உச்சியில் இருவரும் குடித்து முடித்தார்கள். தபால்காரி ரப்பர் பேண்டை ஒரு விரலால் சுண்டினாள். சாக்ஸ் கையோடு வந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டிலை ஓரமாக எறிந்தாள். எல்லாம் சேர்த்து ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை.

"பொண்ணுக்கு எத்தன வயசு?" என்றாள் சாவி.

"மூணு. இப்ப அது காலுக்குப் பத்தாது. நீங்க தூக்கிப் போடுங்க பஸ்காரம்மா. ஒண்ணும் இல்ல. ஓடுங்க."

சொல்லிவிட்டு அவள் இறக்கத்தில் இறங்கினாள்.

சாவி பாட்டிலை ஓங்கினாள். கை வரவில்லை. மூன்று அடையாளமும் சரியாகச் சொல்லியாகிவிட்டது. கெடுவுக்குள் வந்து கேட்டும் இருக்கிறார்கள். இதற்கு மேல் அது குப்பை இல்லை, பொருள். சொந்தக்காரர் தெரிந்த பொருளை அவள் இதுவரை தூக்கி எறிந்ததில்லை. மேனேஜர் கண்ணாடிக் கூட்டைக்கூட எறியவில்லை, முறைப்படி அனுப்பித்தான் வைத்தாள். பாட்டிலோடு ஓடிப் பார்த்தாள். காலி பாட்டில், காற்று அதைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. சாக்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு பாட்டிலைப் போட்டுவிடலாம் என்று டேப்பின் நுனியைத் தேடினாள்.

நுனி கிடைக்கவில்லை.

அவள் வீட்டில் சமையலறை சுவிட்சைப் போட்டால் கூடத்து விளக்கு எரியும். குளியலறைக் கம்பி இரண்டு வருடமாகச் சுவரிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்கிற அதே மனிதன் இந்தச் சாக்ஸுக்குச் சுற்றியிருந்த டேப்பில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் குறை இல்லாமல் செய்து முடித்த முதல் வேலை அதுதான். நகத்தால் சுரண்டினாள். வியர்வையில் வழுக்கியது. பல்லால் கடித்தாள். வேகம் குறைந்தது. கடைசியில் ஓட்டமே நின்று, நடு ரோட்டில் நின்றபடி எலும்பைக் கடிப்பது போலக் கடித்து இழுத்தாள். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"சாக்ஸ் கழட்டறேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். விதிமுறையில் இதற்கு எதுவும் இல்லை போலிருந்தது. போய்விட்டார்.

டேப் கிழிந்தது. சாக்ஸ் வந்தது. அவள் அதை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு தலை நிமிர்ந்தபோது தபால்காரி இரண்டு பஸ் நீளத்துக்கு முன்னால் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே நன்றாக ஓடிய ஓட்டம். யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்த ஒரு டீக்கடைக்காரர், சின்னப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற பெண் என்று தப்பாக நினைத்து எழுந்து நின்றார். முப்பத்தைந்தில் ஒன்றரை பஸ். முப்பத்தெட்டில் ஒரு பஸ். நாற்பதில் தொடை மறுபடி கத்த ஆரம்பித்தது. இந்த முறை அவள் பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. நாற்பத்தொன்றில் அரை பஸ். தபால்காரியின் முதுகில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. பிறகு எழுத்துகளுக்கு நடுவில் உப்புப் பூத்திருந்ததைப் பார்க்க முடிந்தது.

கடைசித் திருப்பத்தில் தபால்காரி திரும்பிப் பார்த்தாள். ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் பார்த்தவள் கண்ணில் பட்டது சாவியின் கையில் எட்டிப் பார்த்த மஞ்சள் துணி. ஒரு நொடி அவள் முகம் கோணியது. பிறகு முன்னால் திரும்பி, இருக்கிற எல்லாவற்றையும் போட்டு ஓடினாள். சாவிக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவளாக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பாள். கிளம்பிவிட்ட பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பிக்கும் அதைப் பிடிக்க நீட்டிய கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்குமோ, அவ்வளவு தூரத்தில் கோடு வந்துவிட்டது.

நாலாவது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் தபால்காரி தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். சாவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தாள். உள்ளங்கையைத் திறந்தாள். சாக்ஸ் பிழிந்த கரித்துணி மாதிரி இருந்தது.

"தூக்கிப் போடச் சொன்னேன்ல," என்றாள் தபால்காரி, வானத்தைப் பார்த்தபடி.

"அப்படிப் போட முடியாது."

"குடுங்க."

சாவி நீட்டினாள். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடணும்."

"பேனா இருக்கா?"

"இங்க இல்ல. அறைக்கு வாங்க."

"அதான் பூட்டியிருக்குமே."

"திங்கக்கிழம மத்தியானம் வாங்க. இருப்பேன்."

தபால்காரி முழங்கையை ஊன்றி எழுந்து அவளைப் பார்த்தாள். அவளும் அரைநாள் அனுமதியில் ஓடுகிறவள்தான். விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

"மூணாவது வரணும்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க." சாக்ஸைப் பார்த்துவிட்டு, "என் சாக்ஸால போச்சு," என்றாள்.

"சாக்ஸால இல்ல. டேப்பால."

மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இன்னொரு கையில் பாதி தின்ற வாழைப்பழம். "நாலாவது," என்றார்.

"ஆமா சார்."

"கையில என்ன அது?"

"சாக்ஸ் சார். சொந்தக்காரங்க வந்துட்டாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனதுக்குள் கண்ணாடிக் கூடு வந்திருக்க வேண்டும். மீதிப் பழத்தைத் தின்றுவிட்டு, "திங்கக்கிழம அஞ்சு மணி வரைக்கும்," என்றார்.

கணவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, "டேப்பு நின்னுச்சா?"

"நின்னுச்சு," என்றாள் சாவி.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் தன் அறையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் வெயில் குடைச் சுவரில் விழும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஜாம் பாட்டிலுக்குள்ளும் விழுந்து பல்லெல்லாம் பளபளத்தது. கட்டைவிரல் நகம் இருந்த இடத்தில் கட்டுப் போட்டு, செருப்போடு உட்கார்ந்திருந்தாள். ஆற்றங்கரைச் சாலையை நினைக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தாள். அதனால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

மூன்று மணிக்குத் தபால்காரி வந்தாள். ஓடுகிற உடையில் இருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"உள்ள இப்படித்தான் இருக்குமா? ஜன்னல் வழியா குடை மட்டும்தான் தெரியும்."

சாவி துவைத்து மடித்த சாக்ஸை மேஜையில் வைத்தாள். "அடையாளம் சொல்லுங்க."

"மறுபடியுமா?"

"அன்னிக்கு ரோட்டுல சொன்னது. இது அலுவலகம்."

தபால்காரி மூன்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். இடுப்புப் பையிலிருந்து மற்ற சாக்ஸை எடுத்து இரண்டையும் சேர்த்து மடித்தாள். ஜோடியாகப் பார்த்தபோது இரண்டும் இன்னும் சின்னதாகத் தெரிந்தன.

"இனிமே எப்ப ஓடுவீங்க?"

"விடிகாலைல. நாலரைக்கு."

"அந்த நேரத்துல நாய் தொரத்தும்."

"வேகம் வரும்."

தபால்காரி சிரிக்கவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "ஆறு மணிக்குத்தான் எனக்கு தபால் பிரிக்கப் போகணும். நாலரைன்னா பாலத்துப் பக்கம் நானும் வருவேன். நாயும் ரெண்டு பேருன்னா யோசிக்கும்." பிறகு, "அடுத்த வருஷம் என் பாட்டிலுக்கு இதேதான். இப்ப ரெண்டு இருக்கு. நீங்க வேற ஏதாவது பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி ஓடினாள். சாவி அந்த ஓட்டத்தை ஜன்னல் மறைக்கும் வரை பார்த்தாள். இடது கை கொஞ்சம் வெளியே போகிறது, அடுத்த வருடப் போட்டிக்குள் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

பிறகு அலமாரி அலமாரியாகக் கண்ணை ஓட்டினாள். பாட்டிலில் கட்ட வேண்டும், யாரிடமும் இன்னொன்று இருக்கக் கூடாது. ஊதல், பொம்மைக் கார், ஒற்றைக் கம்மல், எல்லாவற்றுக்கும் எங்காவது ஒரு இணை இருக்கும் என்று இப்போது தோன்றியது. கடைசியில் பார்வை ஜாம் பாட்டிலில் நின்றது. உள்ளே இருக்கும் பல் செட்டை யாரும் தன் பாட்டிலில் கட்டிக்கொண்டு வரப் போவதில்லை. நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் யாரும் வராவிட்டால் போதும். மாமியார் என்ன சொல்வார் என்பதை மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு வயதானவர் எட்டிப் பார்த்தார். கதவு திறந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல, உள்ளே வராமல் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய உதடு இரண்டும் வாய்க்குள் மடிந்து போயிருந்தன.

"எத்தனையோ தடவ வந்தேம்மா," என்றார்.

சாவி எழுந்து போய் ஜாம் பாட்டிலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அடையாளம் எதுவும் கேட்கவில்லை.

அவர் திரும்பி நின்று பல் செட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி அலமாரியைப் பார்க்க ஆரம்பித்தாள். வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.